எந்த ஊர் மணி?

டிஜிட்டல் காமிரா எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் தேதியும் மணியும் பதிவாகின்றன. அது எந்த ஊர் மணி என்பது மட்டும் பல நேரங்களில் பதிவாவதில்லை. அந்த விடுபாடு ஆஸ்டின் டவுன் வீடு ஒன்றில் திதிச் சண்டையில் போய் முடிந்தது.

பெரியப்பா இறந்த பன்னிரண்டாம் நாள் மாலை. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் அவர் வீட்டுக் கூடத்தில் ஏழு பேர் ஒரு லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். நவம்பர் கடைசி, குளிருக்காக ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். மூலையில் காரியத்துக்கு வாங்கிய வாழையிலைக் கட்டின் மிச்சம் வாடிக்கொண்டிருந்தது. மறுநாள் விமானம் ஏறவேண்டியவர்கள் இரண்டு பேர். அதற்குள் ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும். பெரியப்பாவின் உயிர் எத்தனை மணிக்குப் போனது?

கேட்டவர் காரியம் செய்துவைத்த ஐயர். அவருக்கு வேண்டியது திதி. பஞ்சாங்கப்படி அன்று விடியற்காலை 4.53 வரை தசமி, அதன் பிறகு ஏகாதசி. மாசிகம், வருஷ திதி எல்லாமே அந்த ஒரு கணக்கைப் பொறுத்தவை. நாள் எல்லோருக்கும் தெரியும். நிமிடம் யாருக்கும் தெரியவில்லை. ஆறு மணிக்கு மேல் வந்த டாக்டர், தான் பார்த்த நேரத்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கூடவே இருந்தவர்கள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் யார்தான் பார்ப்பார்கள்?

ஆனால் காமிராக்கள் பார்த்திருந்தன. லண்டனிலிருந்து வந்திருந்த அண்ணனுக்குத் தூக்கம் பிடிக்காத இரவு அது. அப்பா கண் திறந்து பார்க்க, அம்மா அவருக்கு ஸ்பூனால் வெந்நீர் புகட்டுவதைத் தன் காமிராவில் எடுத்திருந்தார். பிறகு பாயிலேயே கண்ணயர்ந்துவிட்டார். சற்று நேரம் கழித்து மூச்சு நின்றிருப்பதைக் கவனித்தவள் சிங்கப்பூர் தங்கை. தலைமாட்டில் விளக்கேற்றியதும் கணவருக்குத் தகவல் அனுப்பச் செல்போனில் ஒரு படம் எடுத்தாள். பெரியப்பா போனது இந்த இரண்டு படங்களுக்கும் நடுவில். இரண்டு படங்களும் எப்போது எடுக்கப்பட்டவை என்று தெரிந்தால் போதும்.

வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று பெயரெடுத்த பாவத்துக்கு, தமிழ் எம்.ஏ. படித்த என்னிடம் லேப்டாப் வந்தது. எல்லோருடைய படங்களையும் ஒரே ஃபோல்டரில் போட்டு நேரவாரியாக அடுக்கச் சொன்னேன். திரையில் வந்த வரிசை விசித்திரமாக இருந்தது. அண்ணனின் படம் முதல் நாள் இரவு 11.52 என்றது. உள்ளூரிலேயே இருக்கும் அக்காவின் செல்போன், பக்கத்து வீட்டார் மாலையோடு வருவதை 5.40 என்று காட்டியது. விளக்கேற்றிய படத்தின் நேரம் 7.18. அதாவது ஊரார் மாலை போட்டுவிட்டுப் போன பிறகுதான் வீட்டார் விளக்கே ஏற்றியிருக்கிறார்கள்!

“என்னங்கடா, மணியக் கேட்டா ஆளுக்கொரு ஊர் மணியச் சொல்றீங்க?” என்றார் பெரியம்மா.

அவர் அறியாமல் சொன்னதுதான் நோயின் பெயர். காமிராவுக்கு மணி தெரியும், ஊர் தெரியாது.

ஃபிலிம் காலத்தில் இந்தத் தொல்லை குறைவு. ஆல்பத்திலிருந்து படத்தை உருவித் திருப்பினால் பின்பக்கம் பேனாவால் எழுதியிருக்கும்: இன்னார் கல்யாணம், இந்தத் தேதி, இந்த ஊர். சில காமிராக்கள் படத்தின் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் தேதியைப் பொறித்தன. அது தப்பாக இருந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும், சிரித்துவிட்டு விட்டுவிடலாம். டிஜிட்டல் காமிராவில் நேரம் படத்தின் மேல் இல்லை, படத்துக்குள் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. கம்ப்யூட்டருக்குத் தெரியும். கம்ப்யூட்டர் அதை அப்படியே நம்பும்.

அந்த உள்பதிவின் பெயர் எக்ஸிஃப். ஜப்பானின் மின்னணுத் தொழில் வளர்ச்சிச் சங்கம் 1995ல் வகுத்த முறை. எல்லாக் கம்பெனிகளின் காமிராக்களும் ஒரே விதமாகக் குறிப்பு எழுதவேண்டும் என்பது நோக்கம். லென்ஸ் எது, ஒளி எவ்வளவு, ஃபிளாஷ் அடித்ததா என்று பலதும் அதில் உண்டு. நேரத்துக்கு 19 எழுத்துகள்: ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி, நடுவில் முக்காற்புள்ளிகள், ஓர் இடைவெளி. அவ்வளவுதான். கிரீன்விச்சுக்கு எவ்வளவு முன்னால், எவ்வளவு பின்னால் என்று எழுத அதில் கட்டமே கிடையாது. காமிராவின் கடிகாரம் என்ன காட்டுகிறதோ அது பதிவாகும். கடிகாரத்தை லண்டனில் வைத்தார்களா, லால்பாக்கில் வைத்தார்களா என்பது பதிவாகாது.

இந்தக் குறை 2016ல்தான் தீர்ந்தது. அந்த ஆண்டு வந்த 2.31ஆம் பதிப்பு, நேர வித்தியாசத்தை எழுதத் தனிக் கட்டங்கள் தந்தது. புதிய செல்போன்கள் பலவும் அவற்றை நிரப்புகின்றன. தங்கையின் செல்போன் நிரப்பியிருந்தது. ஆபீஸ் மீட்டிங் தவறக்கூடாது என்று அவள் அதைச் சிங்கப்பூர் நேரத்திலேயே நிறுத்திவைத்திருந்தாள். படத்தின் உள்பதிவில் 7.18க்குக் கீழே, கிரீன்விச்சுக்கு எட்டு மணி நேரம் முன்னால் என்று தெளிவாக எழுதியிருந்தது. நம்முடைய நேரம் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால். இரண்டரை மணி நேரத்தைக் கழித்தால் 4.48. விளக்கேற்றிய நேரம் கிடைத்துவிட்டது. 4.53க்கு ஐந்து நிமிடம் முன்பு. தசமி.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் குறுக்கிட்டார். அவருடையது பழைய காமிரா. அதன் உள்பதிவில் வெறும் 11.52, கூடவே எதுவும் இல்லை. லண்டனுக்கும் நமக்கும் நவம்பரில் ஐந்தரை மணி வித்தியாசம். 11.52ஓடு ஐந்தரையைக் கூட்டினால் விடியற்காலை 5.22. “அஞ்சு இருபத்திரெண்டுக்கு அப்பா கண்ணத் திறந்து என்னப் பாக்கறார். நாலு நாப்பத்தெட்டுக்கு நீ எப்படிம்மா விளக்கேத்துவ?”

தங்கையின் முகம் மாறிவிட்டது. “அண்ணா, நீங்க தூங்கிட்டிருந்தீங்க. நாந்தான் எழுப்பினேன்.”

அதன் பிறகு கூடத்தில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. தசமியா ஏகாதசியா என்பதோடு போகும் விஷயம் இல்லை அது என்று எல்லோருக்கும் புரிந்தது. கடைசி நேரத்தில் யார் விழித்திருந்தார்கள், யார் தூங்கினார்கள் என்ற கணக்கு வந்துவிட்டது. ஒருவர் சொல்வது உண்மையானால் மற்றவர் சொல்வது பொய். அல்லது இரண்டு இயந்திரங்களில் ஒன்று பொய் சொல்கிறது.

இந்த இடத்தில், கடிகாரத்தை யார் எப்படி வைக்கிறார்கள் என்ற பழைய கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். மணி என்பது ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் தனி. சூரியன் உச்சிக்கு வந்தால் அந்த ஊரில் பகல் 12. கிழக்கே போகப் போக ஒவ்வொரு பாகை தீர்க்கரேகைக்கும் நான்கு நிமிடம் முந்தும். அந்தக் கணக்கில் பெங்களூரின் சொந்த நேரம் இன்றைய இந்திய நேரத்துக்குச் சுமார் 20 நிமிடம் பின்னால், சென்னையின் நேரம் சுமார் ஒன்பது நிமிடம் பின்னால். 1792ல் நுங்கம்பாக்கத்தில் கட்டிய வானாய்வு நிலையம் சென்னை நேரத்தைக் கணித்துத் தந்தது. அதன் கருங்கல் தூண், தமிழ்க் கல்வெட்டோடு, இன்றும் அங்கே வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. பம்பாய் நேரமும் கல்கத்தா நேரமும் ஒரு மணிக்கு மேல் விலகி நிற்க, நடுவில் இருந்த சென்னை நேரத்தை ரயில்வே பொது நேரமாக எடுத்துக்கொண்டது. 1906 ஜனவரி 1 முதல் நாடு முழுவதற்கும் ஒரே நேரம் வந்தது: கிழக்கே 82.5 பாகைத் தீர்க்கரேகையின் நேரம், கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால். கல்கத்தா 1948 வரையிலும் பம்பாய் 1955 வரையிலும் சொந்த நேரத்தை விடாமல் வைத்திருந்தன. அசாம் தேயிலைத் தோட்டங்களில் ஒரு மணி முந்திய ‘தோட்ட நேரம்’ புழங்கியது.

கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும் பழக்கம் முதல் உலகப்போரில் வந்தது. 1916 ஏப்ரல் 30ஆம் தேதி ஜெர்மனி தொடங்கியது. மே 21ஆம் தேதி பிரிட்டன் பின்பற்றியது. மாலை வெளிச்சத்தைப் பயன்படுத்தி எரிபொருள் மிச்சம் பிடிப்பது நோக்கம். லண்டனில் டிசம்பர்ப் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு, ஜூன் பகல் பதினாறரை மணி நேரத்துக்கும் அதிகம். அங்கே இதற்கு அர்த்தம் உண்டு. பெங்களூரில் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். தள்ளுவதற்கு இங்கே வெளிச்சம் இல்லை.

இருந்தும் நாமும் தள்ளியிருக்கிறோம். இரண்டாம் உலகப்போரின்போது 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னால் ஓடின. இதை இன்று அதிகம் நினைவு வைத்திருப்பவர்கள் ஜோசியர்கள். அந்த ஆண்டுகளில் பிறந்தவரின் ஜாதகம் கணிக்கும்போது, விவரம் தெரிந்த ஜோசியர் பிறந்த நேரத்திலிருந்து ஒரு மணியைக் கழித்துவிட்டுத்தான் லக்னம் பார்ப்பார். ஜாதகம் எழுதுகிறவர் பிறந்த மணியோடு பிறந்த ஊரையும் கேட்காமல் விடமாட்டார். ஊர் இல்லாமல் லக்னம் இல்லை. பலன்களை நம்புகிறோமோ இல்லையோ, அந்த ஓலைக்காரர்களுக்குத் தெரிந்திருந்த ஒரு விஷயத்தைக் காமிரா செய்தவர்கள் எழுதிக்கொள்ள இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஊர் எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழர் வாழ்விலேயே பெரிய உதாரணம் ஒன்று உண்டு: இலங்கை. 1996ல் மழை பொய்த்து நீர்மின் உற்பத்தி படுத்துவிட, மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அரசு மே 25ஆம் தேதி கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளியது. அதுவரை இலங்கை நேரமும் நம் நேரமும் ஒன்று. அக்டோபர் 26ஆம் தேதி அதில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தார்கள். மீதி அரை மணி பத்தாண்டு அப்படியே நின்றது. 2006 ஏப்ரல் 15ஆம் தேதிதான் இலங்கை பழைய நேரத்துக்குத் திரும்பியது.

ஆனால் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் கொழும்பின் புதிய நேரத்தை ஏற்கவில்லை. பழைய நேரமே அங்கே ஓடியது. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு ஏ-9 சாலை திறந்தபோது, ஓமந்தை சோதனைச் சாவடியைக் கடந்து வன்னிக்குள் போகிறவர்கள் கைக்கடிகாரத்தை அரை மணி பின்னே திருப்பவேண்டியிருந்தது. ஒரு சின்னத் தீவு, ஒரே சாலை, இரண்டு மணி.

டிஜிட்டல் காமிராக்கள் கைக்குக் கை பரவியதும் இதே ஆண்டுகளில்தான். 2004 டிசம்பர் 26. சுமத்ரா கடலடியில் பூமி நடுங்கிய கணம் நமது நேரம் காலை 6.28. கொழும்பில் அப்போது 6.58. முல்லைத்தீவு புலிகளின் வசம் இருந்ததால் அங்கே 6.28. ஆச்சேயில் 7.58. கிழக்குக் கடற்கரையில் அரசின் கையில் இருந்த ஊரிலும், அதற்கு வடக்கே புலிகளின் கையில் இருந்த ஊரிலும் அன்று எடுத்த படங்களை இன்று ஒருவர் சேர்த்து அடுக்கினால், ஒரே அலை அரை மணி இடைவெளியில் வந்ததுபோல் தோன்றும். ஐரோப்பாவிலிருந்து வந்த சுற்றுலாப் பயணி கடிகாரத்தை மாற்றாமல் எடுத்த படத்தில் நேரம் நள்ளிரவைத் தாண்டிய ஏதோ ஒரு மணி என்று இருக்கும். படத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

வெயில் அடிக்கிற நள்ளிரவைப் பார்த்தால் தப்பு என்று யாருக்கும் தெரியும். அரை மணித் தப்பு அப்படிக் கண்ணில் படாது. அதுதான் ஆபத்து. உலகின் எந்த ஊர் எந்த ஆண்டில் கடிகாரத்தை எப்படி மாற்றியது என்று கம்ப்யூட்டர்களுக்காகத் தொகுத்த பொது அட்டவணை ஒன்று இருக்கிறது. ‘ஏசியா/கொழும்பு’ என்ற தலைப்பில் 1996, 2006 மாற்றங்கள் அதில் ஒழுங்காகப் பதிவாகியிருக்கின்றன. கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ தனித் தலைப்பு கிடையாது. ஆக, வன்னியில் அந்த நாட்களில் எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தால், அது கொழும்பு நேரம் என்று எடுத்துக்கொண்டு அரை மணியைத் தவறாகக் கழிக்கும். சரியான கணக்கு அந்த அட்டவணையின் தலைப்புகளில் இல்லை. அங்கே இருந்தவர்களின் ஞாபகத்தில் இருக்கிறது.

கோர்ட்டிலும் இது சும்மா விடும் விஷயமில்லை. டிஜிட்டல் படம் சாட்சியாக வரவேண்டுமானால் சான்றிதழ் வேண்டும் என்று சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு சொன்னது. 2014லும் 2020லும் சுப்ரீம் கோர்ட் அதை உறுதி செய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவும் சான்றிதழ் கேட்கிறது. ஃபைல் மாறவில்லை என்று காட்டும் ‘ஹாஷ்’ எண்ணும் அதில் இருக்கவேண்டும். படத்தில் யாரும் கைவைக்கவில்லை என்று இவை காட்டலாம். ஆனால் எடுத்த காமிராவின் கடிகாரம் துபாய் நேரத்தில் ஓடியதா, திருச்சி நேரத்தில் ஓடியதா? ஹாஷ் எண்ணில் அதற்கு விடை இல்லை. தப்பான மணியும் மாறாமல் அப்படியே பத்திரமாக இருக்கும். கம்ப்யூட்டர் நிறுவனங்களும் டேட்டா சென்டர்களும் தங்கள் கடிகாரங்களை டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் அல்லது என்.ஐ.சி. தரும் நேரத்தோடு ஒத்துப்போக வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் கணினி அவசர உதவிக் குழு 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. பீரோவில் கிடக்கும் காமிராவுக்கு அப்படி உத்தரவிட யாரும் இல்லை.

செல்போனும் முழுக்க யோக்கியம் என்று சொல்லிவிட முடியாது. ஒரே செல்போனில் அடுத்தடுத்து எடுத்த போட்டோவும் வீடியோவும் கம்ப்யூட்டரில் ஐந்தரை மணி தள்ளி நிற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். போட்டோவில் உள்ளூர் மணி எழுதப்படுகிறது. வீடியோ ஃபைலின் விதி உலகப் பொது நேரத்தை எழுதச் சொல்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கும் சாஃப்ட்வேரில் தாலி கட்டும் போட்டோ காலை 6.45க்கு இருக்கும், அதே தாலி கட்டும் வீடியோ நள்ளிரவு 1.15க்குப் போய்விடும். வாட்ஸ்அப் இன்னொரு விதம். அதில் அனுப்பிய படம் எடை குறைந்து வரும், உள்பதிவுகளும் உதிர்ந்துவிடும். சேமித்த படத்தில் தெரிவது வந்து சேர்ந்த நேரம், எடுத்த நேரம் அல்ல. தங்கை முதலில் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை வைத்து நான் அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். மூலப் படத்தைச் செல்போனிலிருந்து நேராக எடுத்த பிறகுதான் அந்த ‘எட்டு மணி முன்னால்’ கண்ணில் பட்டது.

ஆக, தங்கையின் படம் கையெழுத்துப் போட்ட சாட்சி. அண்ணனின் படம் ஊர் பெயர் சொல்லாத சாட்சி. குறுக்கு விசாரணை செய்யவேண்டியது அதைத்தான்.

வழி எளியது. காமிராவைக் கொண்டுவரச் சொல்லி, லேப்டாப் திரையில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தை அதனாலேயே படம் எடுக்கச் சொன்னேன். லேப்டாப் இன்டர்நெட் மூலம் நேரம் சரிபார்த்துக்கொள்வது, மாலை 6.40 காட்டியது. எடுத்த படத்தின் உள்பதிவைத் திறந்தோம். 2.10 என்றிருந்தது. வித்தியாசம் ஐந்தரை மணி இல்லை. நாலரை மணி!

அண்ணனுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. காமிராவின் மெனுவைத் திறந்து பார்த்தார். ‘கோடை நேரம்’ என்ற இடத்தில் ‘ஆன்’ என்றிருந்தது. ஜூலையில் பேரனின் பிறந்தநாளுக்குக் காமிராவை எடுத்தபோது மணி சரிசெய்திருக்கிறார். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை பிரிட்டன் முழுவதும் கடிகாரங்கள் ஒரு மணி பின்னே போயின. அவருடைய செல்போன் தானாகவே போயிற்று. அலமாரியில் இருந்த காமிராவுக்கு யாரும் சொல்லவில்லை. லண்டன் குளிர்காலத்துக்கு வந்துவிட்டது; காமிரா மட்டும் கோடையிலேயே இருந்தது. இந்த ஊருக்கு வந்த பிறகும் அவர் அதைத் தொடவில்லை.

11.52ஓடு நாலரையைக் கூட்டினால் 4.22.

அப்படியானால் விடியற்காலை 4.22க்குப் பெரியப்பா கண் திறந்து மகனைப் பார்க்கிறார். 4.48க்கு மகள் விளக்கேற்றுகிறாள். இரண்டுக்கும் நடுவில் 26 நிமிடம். இருவர் சொன்னதும் உண்மை. திதி தசமி.

ஐயருக்குப் போன் செய்து சொன்னோம். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இது சகஜம், போனில் வந்த சாவுச் செய்தியை எந்த ஊர் மணியில் சொல்கிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்வதே தன் வழக்கம் என்றார்.

இப்படி மாட்டிக்கொள்ளாமல் இருக்க வழி உண்டா? உண்டு, செலவில்லாதது. கல்யாணமோ காரியமோ, பல ஊர்களிலிருந்து வந்தவர்கள் படம் எடுக்கப் போகிறார்கள் என்றால், தொடங்கும்போதே எல்லாக் காமிராக்களாலும் ஒரே செல்போனின் கடிகாரத்தை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளவேண்டும். பிற்பாடு ஒவ்வொரு காமிராவும் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை அந்த ஒரு படமே சொல்லிவிடும். அதை வைத்து அந்தக் காமிராவின் எல்லாப் படங்களையும் மொத்தமாக நகர்த்தப் பல சாஃப்ட்வேர்களில் வசதி இருக்கிறது. நகர்த்தும் முன் மூலப் படங்களை வேறிடத்தில் காப்பி எடுத்து வைப்பது புத்திசாலித்தனம். வெளிநாடு போகிறவர்கள் காமிராவின் ஊரையும் கோடை நேரத்தையும் மாற்றவேண்டும். அல்லது எங்கே போனாலும் மாற்றுவதில்லை என்று ஒரே கொள்கையாக இருந்துவிடவேண்டும். பாதி மாற்றிப் பாதி மறப்பதுதான் வம்பு.

வித்தியாசங்களையும் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். சிங்கப்பூரும் மலேசியாவும் ஆண்டு முழுதும் நமக்கு இரண்டரை மணி முன்னால். ஆனால் 1982க்கு முன்பு இரண்டு மணிதான். அந்த ஆண்டின் முதல் நாளில்தான் அரை மணி தள்ளினார்கள். லண்டன் குளிர்காலத்தில் ஐந்தரை மணி பின்னால், கோடையில் நாலரை. டொரன்டோவும் நியூயார்க்கும் பத்தரை, ஒன்பதரை. அங்கே மாற்றம் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். சிட்னி தலைகீழ்: அங்கே கோடை நமது மார்கழியில். கடிகாரம் பின்னே போகும் இரவில் ஒரு மணி நேரம் இரண்டு முறை வரும். நியூயார்க்கில் நவம்பரின் அந்த ஞாயிறு விடியற்காலை 1.30 என்று ஒரு படம் சொன்னால், அது முதல் ஒன்றரையா இரண்டாவது ஒன்றரையா என்று படத்தைக் கேட்டுப் பயனில்லை.

மறுநாள் காலை விமான நிலையத்துக்குக் கார் வரும் முன், அண்ணன் அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்திருந்தார். வெந்நீர் ஸ்பூனைத் தாண்டிப் பெரியப்பா காமிராவைத்தான் பார்க்கிறார். கொஞ்சம் சிரிப்பதுபோலக்கூட இருக்கிறது. தங்கை அதை நெடுநேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு, “உங்களத்தான் அண்ணா பாத்திருக்கார்” என்றாள்.

பெரியம்மா படத்தை வாங்கித் திருப்பினார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. பேனா கேட்டு வாங்கி, தேதியை எழுதினார். கீழே ‘விடியக்காலம் 4.22’ என்று எழுதினார். கொஞ்சம் யோசித்து, அதற்கும் கீழே ‘ஆஸ்டின் டவுன்’ என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.